ஏனோக் ஜோடி சேர்த்த எட்டு எலிகள்

தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் தெருவான ஸ்கெலட்டன் லைனில் ஏனோக்கின் வீட்டுக் கதவை வெளியிலிருந்து தட்டினால் உள்ளேயிருந்து யாரும் பதில் தரப்போவதில்லை என்பது தெருவுக்கே தெரியும். ஏனோக்குக்கும் தெரியும். ஆனாலும் தினமும் சாயந்தரம் ரயிலை விட்டு இறங்கி நடந்து வந்து, பூட்டில் சாவி போடுவதற்கு முன்னால் விரல் முட்டியால் டக் டக் என்று இரண்டு முறை தட்டுவார். ஒரு கணம் நிற்பார். பிறகுதான் திறப்பார். எதிர்வீட்டு மரியகுழந்தை அதைப் பார்த்து முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மூன்று வருஷத்தில் எந்தத் துக்கமும் தெருவுக்குப் பழகிப் போகும். துக்கப்பட்டவனுக்குத்தான் பழகுவதில்லை.

அந்தத் தட்டு அவர் சுரங்கத்தில் கற்றது. அப்பா இறந்தபின் அவர் பார்த்த வேலை மகனுக்கு வந்தது. இருபத்தோரு வயதில் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு, கேஜ் என்கிற இரும்பு லிஃப்டில் ஏறி பூமிக்கடியில் போனார். கீழே எந்த லெவலுக்குப் போனாலும் ஒரே சட்டம்: மேட் இல்லாமல் எவனும் இறங்கக் கூடாது. மேட் என்றால் ஜோடி ஆள். ஏனோக்கின் மேட் பெயர் டென்னிஸ். ஒருநாள் பாறை தானாக வெடித்துச் சரிந்தது. விளக்கு அணைந்துவிட்டது. சரிந்த கல்லுக்கு அந்தப் பக்கம் டென்னிஸ், இந்தப் பக்கம் இவர். கத்தினால் குரல் போகவில்லை. அப்போது சுவரோரம் ஓடிய தண்ணீர்க் குழாயில் டக் டக் என்று சத்தம் வந்தது. இவரும் ஒரு கல்லை எடுத்து டக் டக் என்று தட்டினார். ஆட்கள் வந்து தோண்டி எடுக்கும்வரை நாலு மணி நேரம் அந்தச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா? அதற்குமேல் அந்தத் தட்டில் ஒன்றும் இல்லை. அதற்குமேல் ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் கேட்க வேறென்னதான் இருக்கிறது!

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். பம்புகளை நிறுத்தினார்கள். நூறு வருஷமாக இறைத்து இறைத்து அடக்கி வைத்திருந்த தண்ணீர் லெவல் லெவலாக ஏறிக்கொண்டு வந்தது. டென்னிஸ் ஓசூருக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். ஏனோக் காவல் வேலை, கிடங்கு வேலை என்று பல படி ஏறி இறங்கி, கடைசியில் பெங்களூர் ஓரத்தில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியின் அனிமல் ஹவுஸில் உதவியாளராகச் சேர்ந்தார். எலிகளுக்குத் தீனி, தண்ணீர், எடை, பெட்டி சுத்தம். பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

பிள்ளைகள் இல்லை. மனைவி ஈவ்லின் மட்டும்தான். அந்த ஈவ்லினுக்குத்தான் நாற்பத்தாறாவது வயதில் இதயம் தளர்ந்தது. "ரத்தத்தை இறைக்கிற சக்தி குறைஞ்சு போச்சு, அதனாலதான் உடம்புல நீர் கோக்குது" என்று டாக்டர் சொன்னபோது ஏனோக்குக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பம்பு நின்றால் தண்ணீர் எப்படி ஏறும் என்று தெரியாதவன் அந்த ஊரில் உண்டா? முதலில் பாதம். அப்புறம் முழங்கால். வயிறு. கடைசியில் நெஞ்சு. படுத்தால் மூச்சு முட்டும் என்று மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருப்பாள்.

"இன்னாங்க, நீங்க போய்ப் படுங்க. காலைல ரயில் புடிக்கணும். நான் உக்காந்துகினே தூங்கறேன்."

"நீ தூங்குனா நானும் தூங்குவேன்."

"ஆமா, ரெண்டு பேரும் முழிச்சிகினு இருந்தா வியாதி பயந்து ஓடிடுமாக்கும்!"

அப்படிப் பேசியவள் கடைசி ஒன்பது நாளும் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் கிடந்தாள். உள்ளே விடமாட்டார்கள். ஏனோக் கண்ணாடியில் டக் டக் என்று தட்டுவார். அவள் படுக்கையிலிருந்து ஆள்காட்டி விரலை இரண்டு முறை தூக்குவாள். ஒன்பதாம் நாள் காலையில் ஒரு ஊசி மருந்து வாங்கிவரச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்கள். மருந்துக்கடையில் வரிசை. வாங்கிக்கொண்டு ஓடிவந்து தட்டினார். திரை இழுத்து மூடியிருந்தது. எந்த விரலும் எழவில்லை. அவள் மேட் இல்லாமல் இறங்கிவிட்டாள்.

அந்த ஒரு வாக்கியத்தை ஏனோக் மூன்று வருஷமாக நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ரயில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பெட்டியில் மற்றவர்கள் சீட்டாடுவார்கள், பாடுவார்கள், ஒருவன் டிபன் டப்பாவை இன்னொருவன் பிடுங்குவான். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்.

போன வருஷம் டாக்டர் மாயா புது ஆராய்ச்சி ஆரம்பித்தாள். முப்பத்து மூன்று வயதுப் பெண். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். நாலு வருஷமாக ஒரே மருந்தின் பின்னால் அலைகிறவள்.

"இது தளர்ந்து போன இதயத்துக்கான மருந்து, ஏனோக் அண்ணா. எலிங்க இதயத்துல ஒரு ரத்தக்குழாயை நாங்க கட்டிடுவோம். மயக்கம் கொடுத்துதான். கொஞ்சம் கொஞ்சமா இதயம் தளரும். பாதி எலிக்கு மருந்து, பாதிக்கு மருந்து கலக்காத வெறும் திரவம். எதுக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கடைசிலதான் கவரைப் பிரிப்பாங்க."

ஏனோக் கையிலிருந்த தீனிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "இதுங்களுக்கும் கால் வீங்குமா மேடம்?"

"கால்ல தெரியாது. எடை ஏறும், மூச்சு வாங்கும், முடி சிலுத்துக்கும். மூலைல போய்க் கூனிக்கிட்டு உக்காந்துக்கும்."

ஈவ்லினும் அப்படித்தான் மேடம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டார்.

நாற்பத்தெட்டு எலிகள். ஒவ்வொன்றும் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று தனித்தனியாக அளக்க வேண்டியிருந்ததால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி. எட்டு வாரம் தனியாகவே இருக்க வேண்டும். ஏனோக் எந்தப் பெட்டியைத் திறக்கும் முன்பும் இரண்டு முறை தட்டுவார். இரண்டே நாளில் எலிகள் சத்தத்தைப் படித்துக்கொண்டன. தட்டியதும் மூக்கை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும்.

மேற்பார்வையாளர் சம்பங்கியும் தங்கவயல் ஆள்தான். அவன் கேலி செய்வான். "இன்னா ண்ணா, உள்ள வரலாமான்னு பர்மிஷன் கேக்கறியா? என் ரூமுக்கு வரும்போது ஒரு நாளாச்சும் தட்டியிருக்கியா நீ?"

"நீ மூக்கை ஆட்டிகினு வந்து நிப்பியா சொல்லு, தட்டறேன்."

மூன்றாம் வாரம் ஒருநாள் பதினேழாம் நம்பர் எலி தட்டியும் வரவில்லை. முடி சிலிர்த்து, முதுகு கூனி, பெட்டியின் ஒரு பக்கச் சுவரில் மூக்கை அழுத்திக்கொண்டு கிடந்தது. அந்தப் பக்கத்தில்தான் நாற்பத்தொன்றாம் நம்பரின் பெட்டி. இரண்டும் வந்திறங்கிய அன்று ஒரே பெட்டியில் கட்டிப்புரண்டு வந்தவை என்பது ஏனோக்குக்கு நினைவிருந்தது. நடுவில் இரண்டு பிளாஸ்டிக் சுவர். அந்தப் பக்கம் தெரிகிறது, போக முடியவில்லை.

கண்ணாடிக் கதவு!

பாவி மனசு, அதற்குமேல் அது சட்டமா பார்க்கும்? மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை எல்லோரும் சாப்பிடப் போயிருப்பார்கள். பெட்டி மாற்றிச் சுத்தம் செய்கிற நேரம் அது, ஏனோக் மட்டும் இருப்பார். கழுவிய பெட்டி ஒன்றில் புதுக் காகிதத்துண்டுகளைப் பரப்பி, பதினேழை எடுத்து விட்டார். பிறகு நாற்பத்தொன்றை விட்டார். கடித்துக்கொண்டால் பிரிக்கலாம் என்று கையை வைத்துக்கொண்டே நின்றார். ஒன்றையொன்று மோந்தன. நாற்பத்தொன்று மெல்ல ஏறி, பதினேழின் கழுத்து முடியை நக்கிக் கொடுத்தது. ஐந்து நிமிஷத்தில் ஒன்றின் கழுத்தில் இன்னொன்று தாடையை வைத்துக்கொண்டு தூங்கிப் போயின. ஏனோக் முகக்கவசத்துக்குள் அழுதார். இரண்டு மணிக்கு முன்னால் அதனதன் பெட்டியில் அதையதை விட்டார்.

மறுநாள் பதினேழு தீனி தின்றிருந்தது.

அதன்பிறகு மிக மோசமாக இருந்தவை எவையெவை என்று பார்த்தார். இந்த இரண்டையும் சேர்த்து எட்டு எலிகள். அவற்றை, வந்த அன்று யாரோடு யார் வந்தார்கள் என்று யோசித்து, நாலு ஜோடியாக்கினார். பெட்டியின் அட்டைக்குப் பின்புறம் அதன் மேட் நம்பரைப் பென்சிலால் எழுதி வைத்தார். ஐந்து வாரம், தினம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அவர் காலையில் எழுந்தார் என்று சொன்னால் மிகையில்லை. ஆறிப்போன தன் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிட்டார். வீட்டில் ஒரு வாரம் பேசுவதை அங்கே ஒரு மணி நேரத்தில் பேசினார். "உம் புருஷன் உன்னப் பாக்க வர்ல, நான்தான் இட்டுகினு வந்தேன்" என்று ஈவ்லின் பேசுவதுபோல் எலிகளிடம் வம்பு பேசினார். இரண்டும் ஆண் எலி என்பது வேறு விஷயம்!

எட்டு வாரம் முடிந்தது. ஆராய்ச்சி முடிந்தால் எலிகளை வலியில்லாமல் தூங்க வைத்து இதயத்தை எடுத்துப் பார்ப்பார்கள். அது ஏனோக் அறிந்ததுதான். அன்று நாற்பது எலிகளை ஒவ்வொன்றாகவும், எட்டை மட்டும் இரண்டிரண்டாகவும் அந்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். யாரும் கவனிக்கவில்லை.

கவரைப் பிரித்தது ஒரு வெள்ளிக்கிழமை. சாயந்தரம் ஏனோக் உடை மாற்றும் அறைக்குப் போனபோது மாயா பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இவர் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"இன்னா ஆச்சு மேடம்?"

"மருந்து தோத்துடுச்சு அண்ணா." மூக்கை உறிஞ்சினாள். "மருந்து குடிச்ச எலியும் நல்லா இருந்துச்சு. குடிக்காததும் கிட்டத்தட்ட அதே அளவு நல்லா இருந்துச்சு. அப்புறம் மருந்து எதுக்குன்னு கேப்பாங்க. செவ்வாய்க்கிழமை மீட்டிங். ஃபைலை மூடிடுவாங்க."

"குடிக்காதது எப்படி மேடம் நல்லாருக்கும்?"

"அதான் எனக்கும் புரியல. ஏழு எலி. நாலாவது வாரமே போயிருக்க வேண்டியது. கடைசி நாள் வரைக்கும் எல்லாம் திடமா நின்னுது. பதினேழு, நாப்பத்தொண்ணு, இருபத்திரெண்டு, அஞ்சு..."

அவள் சொல்லச் சொல்ல ஏனோக்குக்குப் பாறை சரிகிற சத்தம் கேட்டது. ஏழும் அவருடைய எலிகள். மிக மோசமாக இருந்ததைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாரே! மருந்து கிடைக்காததால்தானே அவை மோசமாக இருந்தன? கவருக்குள் இருந்த ரகசியத்தை இவர் கண் எட்டில் ஏழு சரியாகப் படித்துவிட்டிருந்தது. படித்து, அவற்றைப் பிழைக்க வைத்து, நல்ல மருந்தை நாசம் செய்துவிட்டிருந்தது.

ரயிலுக்கு நடக்கும்போது சம்பங்கியிடம் மட்டும் சொன்னார். அவன் நடுரோட்டில் நின்றுவிட்டான்.

"யோவ் அண்ணா! நெசமாவா?"

"நெசந்தான்."

"கம்முனு இரு. யாராண்டயும் மூச்சு வுடாத. எலி எழுந்து வந்து சாட்சி சொல்லப் போவுதா? வேல பூடும் ண்ணா. அம்பது வயசுல வேற எவன் வேல குடுப்பான்? அதுவுமில்லாம..." சம்பங்கி சொல்ல வந்ததை நிறுத்தினான். அதுவுமில்லாமல் உனக்கு இங்கே வந்துபோகும் எலிகளை விட்டால் யார் இருக்கிறார்கள் என்பதுதான் அது. சொல்லாமலே இருவருக்கும் கேட்டது.

சனிக்கிழமை முழுக்க ஏனோக் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஞாயிறு காலை சபையில் ஈவ்லின் உட்காரும் பெஞ்சில், அவள் இடத்தை விட்டு உட்கார்ந்தார். ஜெபம் வரவில்லை. வந்ததெல்லாம் ஒரு கணக்குத்தான். சொல்லாவிட்டால் வேலை நிற்கும், நாளைக்கும் தட்டினால் மூக்கை ஆட்டிக்கொண்டு வர நாலு உயிர் இருக்கும். சொன்னால் அதுவும் இல்லை. ஆனால் சொல்லாவிட்டால், எங்கோ ஒரு வீட்டில், மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருத்திக்கு அந்த மருந்து வராது.

வீட்டுக்கு வந்து பீரோவின் மேல்தட்டைத் திறந்தார். அந்த மூன்று தலையணைகளும் அங்கே அடுக்கி இருந்தன. மேலே இருந்ததன் உறையில் அவள் தலை எண்ணெய்க் கறை. மூன்று வருஷமாகத் துவைக்கவில்லை. அதில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்: "நீ சொல்லு ஈவ்லின், நான் இன்னா பண்ண?"

தலையணை என்ன சொல்லும்? ஆனால் திங்கட்கிழமை காலை அவர் மாயாவின் அறைக் கதவை இரண்டு முறை தட்டினார்.

"மேடம், உங்களாண்ட ஒன்னு சொல்லணும். உங்க மருந்து தோக்கல."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பென்சிலால் எழுதிய எட்டு அட்டைகளையும் மேஜைமேல் வைத்தார். மாயா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"யார் உங்களை இப்படிச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல. மேட் இல்லாம யாரும் கீழ எறங்கக் கூடாது மேடம். எங்க ஊர் ரூலு."

"அது எலி அண்ணா!"

"தெரியும் மேடம்."

"தெரியாது உங்களுக்கு!" மாயா எழுந்தாள். "இதுங்க ஒரு மணி நேரம் சேர்ந்து இருந்ததால இதயம் தேறுச்சான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. இல்லேன்னும் சொல்ல முடியாது. அதனால இந்த நாப்பத்தெட்டும் வீண். மறுபடியும் புதுசா நாப்பத்தெட்டு எலி வரும். நாப்பத்தெட்டு நெஞ்சை நான் மறுபடியும் திறக்கணும். எட்டு மேல நீங்க காட்டின இரக்கத்துக்கு இதுதான் விலை. அதை நெனைச்சீங்களா?"

ஏனோக் அதை நினைத்திருக்கவில்லை. சத்தியமாக நினைத்திருக்கவில்லை. வேலை போகும் என்று நினைத்தார், திட்டுவார்கள் என்று நினைத்தார். இந்த நாற்பத்தெட்டு அவர் கணக்கில் எங்கேயும் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயது ஆண்பிள்ளை, ஈவ்லின் அடக்கத்தில்கூடச் சத்தம் போட்டு அழாதவர், அன்று வாய்விட்டு அழுதார். மாயா கையிலிருந்த அட்டையை மேஜைமேல் வைத்தாள். பிறகு அவளும் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"உங்க வீட்ல யாருக்கு அண்ணா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் ஃபைலை மூடவில்லை. ஏனோக் செய்ததை விசாரிக்க ஒரு கமிட்டி கூடியது. இரண்டு மணி நேரம் பேசினார்கள். தானாக வந்து சொன்னதால் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் இனி விலங்குகள் இருக்கும் எந்த அறைக்குள்ளும் ஏனோக் காலெடுத்து வைக்கக் கூடாது என்று தீர்மானமாயிற்று. கீழ்த்தளத்தில் பெட்டி கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள். ஜன்னலில்லாத அறை. சுவரில் ஒரு சிறு கதவு. மேலிருந்து அழுக்குப் பெட்டிகள் அதன்வழியே வரும். குப்பையைக் கொட்டி, தேய்த்து, வெந்நீர் இயந்திரத்தில் அடுக்கி அனுப்ப வேண்டும். நாள் முழுக்க இயந்திரத்தின் இரைச்சல். பேச்சுக்கு ஆள் கிடையாது. எலிகள் வாழ்ந்த பெட்டி வரும், எலி வராது.

புது எலிகள் வந்துவிட்டன என்று சம்பங்கி ரயிலில் சொன்னான். அதற்குமேல் அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அந்த நாற்பத்தெட்டின் நினைப்பு வந்தாலே ஏனோக்குக்குச் சோறு இறங்காது. தான் வாய்திறந்ததால் வந்த உயிர்கள், அதற்கு முன்னால் தான் கைவைத்ததால் வந்த உயிர்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம் சுவர்க் கதவு வழியாக மாயாவின் அறைப் பெட்டிகள் வந்தன. அட்டையைப் பார்த்ததுமே ஏனோக்கின் கை நின்றது. நாற்பத்தெட்டு பெட்டி வரவேண்டியதற்கு இருபத்து நாலுதான் வந்திருந்தன. ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு நம்பர். பென்சிலால் பின்புறத்தில் ஒளித்து எழுதியதல்ல. முன்பக்கம், அச்சடித்தது. தண்ணீர் அளவு என்ற இடத்தில் "இரண்டுக்கும் சேர்த்து" என்று போட்டிருந்தது. ஓரத்தில் மாயாவின் கையெழுத்து.

முதல் பெட்டியை எடுத்தார். பழக்கதோஷம், டக் டக் என்று தட்டினார். உள்ளே யார் இருக்கப் போகிறார்கள்! மூடியைத் திறந்தார். கிழித்துப்போட்ட காகிதத்தையெல்லாம் ஒரே மூலையில் சேர்த்து எலிகள் கூடு கட்டியிருந்தன. நடுவில் ஒரு குழி. இரண்டு உடம்பு ஒட்டிக்கொண்டு சுருண்டு படுக்கிற அளவுக்கு ஒரே குழி.

ஏனோக் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை அதில் வைத்தார். ஆறிப் போயிருந்தது. இருந்தாலும் வெகுநேரம் வைத்திருந்தார். வெந்நீர் இயந்திரம் அடுத்த பெட்டிக்காக மணியடித்தது. அந்தக் கூட்டைக் கலைக்க மனமில்லாமல், மற்ற இருபத்து மூன்றையும் முதலில் கழுவினார்.